வேம்பாளம்பட்டை தராத சிவப்பு

போன வாரம் பிரியா போன் செய்தாள். ஆம்பூர்ப் பக்கம் பெண்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, என் இடத்துக்கு வந்தவள் அவள். நடுவில் நிறுத்தி வைத்திருந்த லிப் பாம் வகுப்பை மறுபடி தொடங்குகிறார்களாம். கோடையில் உருகாமல் இருக்க மெழுகு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது, "டீச்சர், இத வச்சி யாராச்சும் பொழைச்சி மேல வந்திருக்காங்களா? மொத நாளே பொம்பளைங்க அதத்தான் கேப்பாங்க. ஒரு பேர் சொன்னா நல்லா இருக்கும்" என்றாள்.

ஒரு பேர் வாய்வரை வந்தது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. அவளுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவள். மனையியல் டிப்ளமோ முடித்த கையோடு மையத்தில் சேர்ந்தேன், கடைசிவரை அங்கேயேதான். எந்த வருஷம் எந்தத் தொழிலுக்கு நிதி வருகிறதோ அந்த வருஷம் அந்தத் தொழில். நான் முதலில் எங்காவது போய்க் கற்றுக்கொண்டு வருவேன், பிறகு கற்றுக்கொடுப்பேன். தையல், பினாயில், மெழுகுவத்தி, சோப்புத்தூள், சணல் பை என்று போயிற்று. வந்தவர்கள் அநேகமாக ஷூ கம்பெனியிலோ தோல் தொழிற்சாலையிலோ வேலை போன பெண்கள். சான்றிதழ் வாங்கிக்கொண்டு, வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பினாயில் கற்றவளைக் கொஞ்ச நாள் கழித்து ரோட்டோரம் கம்பெனி வேனுக்காக நிற்கையில் பார்ப்பேன். வேனில் இடம் கிடைக்காதவள் மெழுகுவத்தி வகுப்பில் வந்து உட்கார்ந்திருப்பாள். பழகிய முகங்களுக்கே புதுசு புதுசாக எதையாவது கற்றுக்கொடுத்ததுதான் என் உத்தியோகம்.

எங்கள் டைரக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் வகுப்புக்குள் வரும்போது செருப்பை வாசலிலேயே விடுவார். ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்ட்டியாம்மா? சின்னவனுக்கு ஜுரம் விட்டுச்சா?" என்று விசாரிப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதையும் முடியாது என்றும் சொல்ல மாட்டார். நாம் கேட்பதை முழுக்கக் கேட்டு முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "பாத்துக்கலாம் டீச்சர்" என்பார். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாலே அந்தக் காரியம் நடக்காது என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

லிப் பாமும் அவர் கொண்டுவந்ததுதான். நிதி கொடுப்பவர்கள் பெங்களூரில் ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்கேயோ சில பெண்கள் வீட்டிலேயே செய்ததாகச் சொல்லி ஒரு சின்னத் தகர டப்பாவைக் காட்டியிருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "எல்லாம் இயற்கை டீச்சர். மெழுகு, எண்ணெய், அவ்ளோதான். வீட்டு அடுப்புலயே பண்ணிடலாம்" என்றார். விற்பதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டாமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார்.

செய்முறை பெரிய வித்தை இல்லை, ஆனால் கைக்குப் பழக வேண்டும். தேன்மெழுகை ஆலங்காயம் பக்கம் மலையில் தேன் எடுப்பவர்களிடம் வாங்குவோம். தேனீக் காலும் இறக்கையும் கலந்து கறுப்பாக வரும். வெந்நீரில் உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஆறவிட்டால், மேலே மஞ்சளாக ஓடு கட்டும். அதை எடுத்துத் துருவிக்கொள்ள வேண்டும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இன்னொரு பாத்திரம். மெழுகின் மேல் நேரடியாகத் தீ படக் கூடாது. மெழுகு முழுக்க உருகிய பிறகுதான் தேங்காய் எண்ணெய், அதன் பிறகு கொஞ்சம் விளக்கெண்ணெய். இறக்கி வைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வைட்டமின் கேப்சூல் ஒன்றைக் குத்திப் பிழிய வேண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியின் பின்பக்கம் விட்டு, உறைந்ததும் விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். நறநறவென்று உதிர்ந்தால் மெழுகு ஜாஸ்தி. விரலில் வழிந்தால் கம்மி. ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பது பொதுக் கணக்கு. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அது டப்பாவுக்குள் எண்ணெயாகவே ஆடும். நாங்கள் ஒன்றரைப் பங்கு மெழுகு வைப்போம். லிப் கிளாஸுக்கு நேர் எதிர்: பெரும்பாலும் விளக்கெண்ணெய், மெழுகு பேருக்குத்தான். உதட்டில் ஈரம் போல மின்ன வேண்டும்.

நிறம்தான் பேஜார். எல்லாரும் முதலில் பீட்ரூட்டைத்தான் கொண்டுவருவார்கள். அதன் சாறு எண்ணெயோடு சேராது. முத்து முத்தாகத் தனியே நிற்கும், நாலு நாளில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரில் கரையும் கலர் எண்ணெயில் நிற்காது, எண்ணெயில் கரைவதுதான் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். அப்படிக் கரைவது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேம்பாளம்பட்டை. வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தால் சிவப்பு இறங்கும். கிண்ணத்தில் பார்க்க ரத்தினம் மாதிரி இருக்கும். உதட்டில் போட்டால் வெற்றிலை மென்று வாய் கொப்பளித்த மாதிரி ஒரு மங்கல். இளம்பெண்கள் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். உதட்டுக்கென்றே தயாரித்த கலர்ப்பொடி சென்னையில் விற்கிறது, வாங்கித் தாருங்கள் என்று டைரக்டரிடம் கேட்டேன். "இயற்கைன்னு எழுதிக் குடுத்துட்டோமே டீச்சர். பாத்துக்கலாம்" என்றார்.

அந்த வகுப்பில்தான் அமுதா இருந்தாள். முப்பது வயது தாண்டியவள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மிஷினில் பல வருஷம் உட்கார்ந்தவள். ஆர்டர் குறைந்ததும் அவள் இருந்த வரிசையையே எடுத்துவிட்டார்கள். அவள் புருஷன் சேகர் ஒரு தோல் தொழிற்சாலையில் ஸ்ப்ரே செக்‌ஷனில், பதப்படுத்திய தோலுக்கு நிறம் அடிக்கும் வேலையில் இருந்தான். அமுதாவின் கை அசையாத கை. உருகிய மெழுகை டப்பாவில் ஊற்றினால் விளிம்பில் ஒரு துளி இருக்காது.

வகுப்பு முடிந்த பிறகும் விடாமல் செய்தவள் அவள் ஒருத்திதான். தெருவில் விற்றாள், பழைய தோழிகள் மூலம் கம்பெனி வேனில் விற்றாள், தையல்காரம்மா கடையில் வைத்து விற்றாள். ஒருநாள் மையத்துக்கு வந்து, "மெழுகு தீந்துடுச்சி டீச்சர், ஆலங்காயத்துல யார்கிட்ட கேக்கறது?" என்றாள். என் உத்தியோகத்தில் கற்றுக்கொடுத்த பொருள் தீர்ந்துவிட்டது என்று ஒருத்தி வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. டைரக்டர் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்து மையத்தின் நோட்டீஸில் போட்டார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று. ஒருத்தியாவது வேனுக்கு நிற்கவில்லையே.

அடுத்த வீட்டுப் பெண் திவ்யாவுக்கு வாலாஜாபேட்டையில் மாப்பிள்ளை பார்த்து வைகாசியில் கல்யாணம் வைத்தார்கள். சின்ன வயதிலிருந்து அமுதா வீட்டில் பாதி நேரம் இருந்து வளர்ந்தவள் திவ்யா. "அக்கா, நீயே பண்ணிக் குடு. ஆனா நல்ல செவப்பு வேணும். போட்டோல தெரியணும்" என்று கேட்டிருக்கிறாள். அமுதா என்னிடம் வந்து வேம்பாளம்பட்டையைத் தவிர வேறு ஏதாவது உண்டா என்றாள். கடை லிப்ஸ்டிக் ஒன்றை வாங்கி அதில் கொஞ்சம் கரைத்துக்கொள் என்றேன். "அது எப்படி டீச்சர்? அப்புறம் நான் பண்ணதுன்னு எப்படிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். முதல் நாள் சாயங்கால வரவேற்பில் திவ்யாவின் உதட்டில் இருந்த மாதிரிச் சிவப்பை என் வகுப்பில் நான் பார்த்ததில்லை. எப்படி வந்தது என்று அமுதாவிடம் கேட்டேன். "அதெல்லாம் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்று சிரித்தாள். மறுநாள் காலை முகூர்த்தத்தில் பெண்ணின் கீழ் உதடு வீங்கியிருந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து வைத்து எடுத்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசிக்கொண்டார்கள். வாலாஜாவுக்குப் போனதும் கொப்புளம் கண்டு, தோல் உரிந்து, ஆறிவிட்டது என்று சேதி வந்தது.

ஆடிக்குத் திவ்யாவை அழைத்து வந்தபோது கீழ் உதட்டில் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. ஆடி முடிந்தும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து கூப்பிட வரவில்லை. வெண்குஷ்டம் இருக்கிற பெண்ணை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று சொல்லியனுப்பினார்கள். வேலூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இது பரம்பரை நோய் இல்லை, ஏதோ ரசாயனம் பட்டு நிறம் போயிருக்கிறது, திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார். அந்தப் பேச்சு வாலாஜாவில் எடுபடவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அமுதா வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சர், திவ்யாவுக்கு வந்தது நோய் இல்ல. நான் குடுத்ததுதான்."

"இன்னா குடுத்த?"

"அவர் செக்‌ஷன்ல தோலுக்கு அடிக்கிற செவப்பு. நான்தான் கொண்டாரச் சொன்னேன். தண்ணில கரையாது, எண்ணெயில கரையும். நீங்க சொன்னா மாதிரியே நின்னுச்சு. அவர் கையில தெனம் படுது, ஒண்ணும் ஆவல. தோலுக்குப் போடறதுதானே, உதடும் தோல்தானேன்னு நெனச்சிட்டேன்."

திட்ட வாயெடுத்தேன். அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"வாலாஜாவுக்குப் போய்ச் சொல்லப் போறேன். தனியா போனா உள்ள விட மாட்டாங்க. நீங்க வர்றீங்களா?"

எப்படியோ இது டைரக்டர் காதுக்குப் போயிற்று. மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கதவை அவரே சாத்தினார். கண்ணாடியைத் தொடவில்லை.

"போகாதீங்க டீச்சர்" என்றார். அவ்வளவு நேராக அவர் பேசி நான் கேட்டதில்லை. "லைசென்ஸ் இல்லாம பண்ணது. போலீஸ் கேஸுன்னு போனா சென்டர மூடிடுவாங்க. மூடினா இந்தப் பொம்பளைங்க எங்க போவாங்க?"

"இப்ப எங்க சார் போறாங்க?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் பொண்ணு இருக்கு டீச்சர். எனக்கு மட்டும் மனசு இல்லியா?"

"அப்போ நீங்களும் வாங்க சார். நீங்க சொன்னா நம்புவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் லீவ் எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

வாலாஜா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அமுதாவின் உதட்டைப் பார்த்தேன். அதே சிவப்பு. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, "கொஞ்ச நாளா தெனம் போட்டுக்கறேன் டீச்சர். புண்ணு வந்தா அவங்களுக்குக் காட்டலாம்னு. வர மாட்டேங்குது" என்றாள். நான் துடைக்கச் சொன்னேன். துடைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் எங்களை விரட்டவில்லை. நாற்காலி போட்டார்கள்; மாமியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமனார் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், நிதானமான மனிதர். மாப்பிள்ளைப் பையன் கதவோரம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அமுதா எதையும் மறைக்காமல் சொன்னாள். சாயம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு சேர்த்தாள், எத்தனை தடவை பூசினாள், எல்லாம். மாமனார் கடைசிவரை கேட்டார்.

"நீ அவங்க பக்கத்து வீடுதானே?"

"ஆமாங்க."

"அவங்கதான் அனுப்பிச்சாங்களா?"

"இல்லீங்க. நான் வந்ததே அவங்களுக்குத் தெரியாது. நான்தான் காரணம்னு தெரிஞ்சா என்னை உயிரோட விட மாட்டாங்க."

மாமியார் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நீ போட்டிருக்கறது இன்னா?"

"அதேதாங்க. அதே சாயம். தெனம் போடறேன்."

"உனக்கு ஒண்ணும் ஆவலியேம்மா."

அந்த அம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள். அமுதா பைக்குள்ளிருந்து சின்ன பாட்டிலை எடுத்தாள். விரலில் தொட்டு உதட்டில் அழுத்தித் தேய்த்தாள். மறுபடி தொட்டுத் தேய்த்தாள். மோவாய்வரை சிவப்பு வழிந்தது. "இருங்க, வரும். கொஞ்ச நேரம் இருங்க, வந்துடும்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். அந்தக் கூடத்தில் எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. அவள் உதடு பளபளவென்று அழகாகத்தான் இருந்தது.

ஒரு உடம்புக்கு ஒத்துக்கொள்வது இன்னொரு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, இது பரம்பரை நோய் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று நான் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "நாளைக்குக் கொழந்தைக்கும் வந்தா இன்னா பண்றது?" என்றான். வராது தம்பி என்றேன். அவன் மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்தான். மாமனார் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள் என்றார்.

பஸ் ஸ்டாண்ட் குழாயில் அமுதா முந்தானையை நனைத்து வாயைத் தேய்த்தாள். அது தண்ணீரில் கரையாத சாயம். ஊர் வந்து சேரும்வரை போகவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சுருக்கமாகவே நடந்தது. விஷயம் தெரிந்து திவ்யாவின் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரி அமுதாவின் வாசலில் இறைத்தாள். அமுதா உள்ளே போகாமல் நின்று வாங்கிக்கொண்டாள். சேகரின் கம்பெனிக்கும் பேச்சு போய், சாயத்தை வெளியே எடுத்ததற்காக அவன் வேலை போயிற்று. மையத்து நோட்டீஸில் அமுதா படம் இருந்த இடத்தில் வேறு படம் வந்தது. லிப் பாம் வகுப்பு நின்று நாப்கின் வகுப்பு வந்தது. போலீஸ் வரவில்லை, இன்ஸ்பெக்‌ஷன் வரவில்லை, எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. எங்கள் மையத்தின் பேரைக்கூட வாலாஜா வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வீட்டாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத் திவ்யாவின் கல்யாணத்தை முறித்துக்கொண்டார்கள். அமுதா புருஷனோடு நாட்றம்பள்ளிக்கு, தன் அம்மா வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

டைரக்டர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, நான் எத்தனையோ குடும்பங்களில் விளக்கேற்றியதாகப் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் என்னிடம் பினாயிலிலிருந்து கற்றவர்கள். கை தட்டினார்கள். அவர்கள் முகங்களைப் பார்க்க முடியாமல் மாலையில் இருந்த சாமந்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே திவ்யாவைப் பார்த்தேன். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேனுக்காக நின்றிருந்தாள். அவள்தான் என்னை முதலில் கூப்பிட்டாள். அவள் உதடு முழுதாக, இயல்பான நிறத்தில் இருந்தது.

"ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு டீச்சர். இப்ப ஒண்ணும் இல்ல."

"வாலாஜாவுல தெரியுமா?"

"தெரிஞ்சி இன்னா? அவருக்கு இப்ப கொழந்தையே இருக்கு."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அமுதாக்காவப் பாப்பீங்களா?" என்று கேட்டாள். பார்க்க வேண்டுமென்றால் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

"சரியாய்டுச்சின்னு சொல்லுங்க."

வேன் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "கோவம் போய்டுச்சின்னு மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்."

அந்த வாரமே நாட்றம்பள்ளி போனேன். அமுதா வீட்டுக்குள் புளி கொட்டிக்கொண்டிருந்தாள். வியாபாரி மூட்டையாகக் கொண்டுவந்து போடுவதைச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை. விரலெல்லாம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து பாய் போட்டாள். திவ்யாவைப் பார்த்தேன் என்றேன். சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"உதடு சரியாய்டுச்சி அமுதா."

"முழுசாவா?"

"முழுசா."

"கீழ் உதடு?"

"கீழ் உதடுதான். ஒரு புள்ளி இல்ல."

அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "வேற இன்னா சொன்னா?"

"வேன் வந்துடுச்சி. ஏறிட்டா."

அமுதா என் முகத்தைப் பார்த்தாள். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அடுத்த புளியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள்.